காதியின் கட்டளை கடைசிக் கட்டளையா? தாபரிப்பு, மஹர், கைக்கூலி விடயங்களில் மேன்முறையீட்டு உரிமை

ஒரு விவாகரத்து விடயம் காதி நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் ஊரில் பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். தலாக் பதிவாகிவிட்டதா, பஸ்ஹு கிடைத்துவிட்டதா? பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு எழுதப்பட்டது, மஹர் கொடுபட்டதா, கைக்கூலி திரும்பி வருமா என்பவை பின்னுக்குப் போய்விடுகின்றன. விவாகரத்து ஒரு நாளில் பதிவாகிவிடும். ஆனால் காதி எழுதும் தொகையை வைத்துக்கொண்டு ஒரு தாயும் பிள்ளைகளும் பத்துப் பதினைந்து வருடங்கள் வாழ வேண்டியிருக்கிறது.

அந்தத் தொகை பிழையாக எழுதப்பட்டால் என்ன செய்வது? காத்தான்குடியிலும் கிழக்கின் ஏனைய முஸ்லிம் ஊர்களிலும் பலர் இதற்குச் சொல்லும் பதில், "காதியார் எழுதிவிட்டார், இனி ஒன்றும் செய்ய இயலாது" என்பதே. இது சட்டப்படி பிழையான பதில். காதியின் இறுதிக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமையை நமது சட்டமே தந்திருக்கிறது. அந்த உரிமை கணவனுக்கும் உண்டு, மனைவிக்கும் உண்டு. ஆனால் அதற்கு நாட்கணக்கு இருக்கிறது. முறையான பதிவேடும் தேவை. இவ்விரண்டையும் அறியாததால்தான் பலருடைய உரிமை பயன்படாமலே கழிந்துபோகிறது. இக்கட்டுரையின் நோக்கம் அவற்றை எளிய முறையில் விளங்கப்படுத்துவதாகும்.

எந்தச் சட்டம், எந்தப் பணம்?

இலங்கை முஸ்லிம்களின் விவாகம், விவாகரத்து தொடர்பான விடயங்கள் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. காதி முறை அதற்கும் முந்தியது. 1929 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலமே அது சட்ட வடிவம் பெற்றது. இன்று காதிகளை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு ஆகும். எனவே காதி என்பவர் ஊர்ப் பெரியவர் என்ற முறையில் தீர்ப்புச் சொல்பவரல்ல. அவர் அரச சட்டமொன்றின் கீழ் அதிகாரம் பெற்றவர். அவருடைய கட்டளையும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே.

சட்டத்தின் 47 ஆம் பிரிவு காதி விசாரிக்கக்கூடிய கோரிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. பணம் சம்பந்தப்பட்டவற்றுள் முக்கியமானவை இவை: மனைவியின் மஹர், மனைவிக்கான தாபரிப்பு, பிள்ளைகளுக்கான தாபரிப்பு, விவாகரத்துச் செய்யப்பட்ட பெண்ணுக்கு இத்தாக் காலத்தில் உரிய தாபரிப்பு, அவள் கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரையிலான தாபரிப்பு, பிரசவச் செலவு. ஏற்கனவே எழுதப்பட்ட தாபரிப்புத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்பதும் இதே பிரிவில் அடங்குகிறது. கைக்கூலியை மீளப் பெறும் கோரிக்கைகளும் காதி முன் விசாரிக்கப்படுகின்றன.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தலாக் பதிவானதனால் மட்டும் மஹரும் இத்தாக் காலத் தாபரிப்பும் தானாகக் கிடைத்துவிடாது. பெண் அவற்றைத் தனியாகக் கோர வேண்டும். கோரப்படாத ஒன்றுக்குக் கட்டளை எழுதப்படாது. எழுதப்படாத கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்யவும் முடியாது. ஆகவே முதல் நாளிலேயே எல்லாக் கோரிக்கைகளையும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

வீடு எங்கே போகிறது?

நமது பிரதேசத்தில் இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய விடயம். காத்தான்குடி தொடங்கி அக்கரைப்பற்று, பொத்துவில் வரை பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பதே வழமை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்தது அந்த ஒரு வீட்டிலேயே அடங்கியிருக்கும்.

ஆனால் சட்டம் சொல்லும் கைக்கூலிக்குள் வீடு வராது. பெண்ணுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்ட அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட பணத்தையும் அசையும் சொத்தையும் மட்டுமே கைக்கூலி என்று சட்டம் வரைவிலக்கணப்படுத்துகிறது. வீடும் வளவும் அசையாச் சொத்து. அதன் உரிமை பற்றிய பிணக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. உறுதி யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே அங்கே முதலில் பார்க்கப்படும். "காதியார் வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அதற்காக மேன்முறையீடு செய்யப் போகிறோம்" என்று புறப்படுபவர்கள் பிழையான கதவைத் தட்டிக் காலத்தையும் காசையும் இழக்கிறார்கள். மகளுக்கென்று கொடுக்கும் வீட்டை மருமகனின் பெயரிலோ இருவர் பெயரிலோ எழுதும் பெற்றோர் இதை முன்கூட்டியே சிந்திப்பது நல்லது.

மேன்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள்?

காதியின் இறுதிக் கட்டளையினால் பாதிக்கப்பட்ட தரப்பு காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். இச்சபை ஐந்து உறுப்பினர்களைக் கொண்டது, கொழும்பில் இயங்குகிறது. மேன்முறையீட்டுக்கான காலம் கட்டளை வழங்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்கள். சபையின் தீர்மானத்திலும் திருப்தி இல்லாதவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். அதற்கு அந்நீதிமன்றத்தின் அனுமதியை முதலில் பெற வேண்டும்.

முப்பது நாட்கள் என்பது கேட்பதற்கு நீண்ட காலமாகத் தோன்றும். நடைமுறையில் அது மிகக் குறுகியது. கட்டளையின் பிரதியைப் பெற வேண்டும், அதை விளங்கிய ஒருவரிடம் காட்ட வேண்டும், மனு எழுத வேண்டும், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கொழும்புக்கு அலுவல் பார்க்க வேண்டும். இதற்கிடையில் இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வெளியே போய்வருவதே பெரும் பிரச்சினை. அவளுக்காக ஓடித்திரிய ஒரு தகப்பனோ சகோதரனோ இல்லாவிட்டால் அந்த முப்பது நாளும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஆகவே கட்டளை வாசிக்கப்பட்ட அன்றே இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, கட்டளைத் திகதியையும் வழக்கு இலக்கத்தையும் குறித்துக்கொள்வது. மற்றது, கட்டளையினதும் விசாரணைப் பதிவினதும் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதியை எழுத்து மூலம் கேட்பது. கேட்டதற்கான கடிதத்தின் பிரதியையும், பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் அதன் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். பிரதி கேட்பது காதியை அவமதிப்பதாகச் சிலர் நினைத்துத் தயங்குகிறார்கள். எந்த நீதிமன்றத்திலும் இது நாளாந்தம் நடக்கும் சாதாரண அலுவல்.

காலம் கடந்துவிட்டால் முற்றாக வழியில்லை என்று முடிவெடுத்துவிடவும் வேண்டாம். காதி ஒருவரின் விசாரணைப் பதிவை வரவழைத்துப் பார்த்து மீளாய்வு செய்யும் அதிகாரமும் காதிகள் சபைக்கு உண்டு. ஆயினும் மீளாய்வு என்பது உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடியதல்ல, சபையின் தற்றுணிபைப் பொறுத்தது. அதை நம்பிக்கொண்டு முப்பது நாளை வீணாக்குவது புத்திசாலித்தனமல்ல.

சபை பார்ப்பது பதிவேட்டை

சட்டத்தின் 74 ஆம் பிரிவின்படி காதி முன்னிலையில் சட்டத்தரணிகள் தரப்பினருக்காகத் தோன்ற முடியாது. செலவு குறைய வேண்டும், விடயம் குடும்பத்துக்குள் சுமுகமாக முடிய வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயத்தில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காதிகள் சபையில் சட்டத்தரணி தோன்றலாம். வசதியுள்ள தரப்பு அங்கே சட்டத்தரணியுடன் வரும். அவர் கையிலெடுப்பது கீழே காதி எழுதிவைத்த பதிவேட்டைத்தான்.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். கணவன் கத்தாரில் வேலை செய்கிறார். மூன்று பிள்ளைகள். தாய் மாதம் 60,000 ரூபா கேட்கிறார். கணவன் தரப்பு, அவருக்கு வேலை போய்விட்டது என்கிறது. காதி இடைநடுவில் 15,000 ரூபா எழுதுகிறார். மேன்முறையீட்டில் தாய், "அவர் நல்லாச் சம்பாதிக்கிறார், ஊரில் எல்லோருக்கும் தெரியும்" என்கிறார். ஊருக்குத் தெரிந்தது சபைக்குத் தெரியாது. கணவன் முன்னர் அனுப்பிய பணத்துக்கான வங்கிக் கூற்று, வேலை ஒப்பந்தத்தின் பிரதி, அண்மையில் வாங்கிய காணியின் விபரம் ஆகியவற்றில் ஒன்றேனும் காதியிடம் கொடுக்கப்பட்டு, பதிவில் ஏறியிருந்தால் சபை அதை வைத்துக் கேள்வி கேட்கும். ஒன்றுமே பதிவில் இல்லாவிட்டால் 15,000 ரூபா சரியா பிழையா என்று சொல்லச் சபைக்கு அடிப்படை இராது.

ஆகவே மேன்முறையீட்டுக்கான தயாரிப்பு முதலாவது விசாரணை நாளிலேயே தொடங்குகிறது. மறுதரப்பின் வருமானத்துக்கான ஆதாரங்களுடன் பிள்ளைகளின் செலவுக்கான ஆதாரங்களையும் கொண்டுபோக வேண்டும். பால்மா, வகுப்புக் கட்டணம், மருந்து, மின்சாரப் பட்டியல் என்று ஒரு தாளில் மாதச் செலவை எழுதிப் பற்றுச்சீட்டுகளையும் இணைத்துக் கொடுக்கலாம். வட்ஸ்அப் செய்திகளைக் கையடக்கத் தொலைபேசியில் காட்டிவிட்டு வராமல், அச்செடுத்துக் கையளிக்க வேண்டும். வாயால் சொன்னது எழுதப்படவில்லை என்று தோன்றினால், "இதையும் பதிந்துகொள்ளுங்கள்" என்று மரியாதையாகக் கேட்கத் தயங்கக் கூடாது.

காதிமாருக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. "இரு தரப்பையும் விசாரித்து இத்தொகை தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒரு வரிக் கட்டளை தோற்றவருக்கும் வென்றவருக்கும் பயன்படாது. கணவனின் வருமானம் எவ்வளவு என்று கண்டேன், பிள்ளைகளின் தேவை எவ்வளவு என்று கண்டேன், இன்ன காரணத்தால் இத்தொகையை எழுதுகிறேன் என்று நான்கு வரியில் எழுதினால் போதும். சரியான கட்டளை மேன்முறையீட்டில் நிலைக்கும். பிழையானது எங்கே பிழைத்தது என்றும் தெரியவரும்.

மூன்று வேறுபட்ட வழிகள்

"மேன்முறையீடு செய்ய வேண்டும்" என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது மேன்முறையீடு அல்ல. மூன்று நிலைமைகளைப் பிரித்தறிய வேண்டும்.

கட்டளை எழுதப்பட்ட அன்றே அது பிழையானது என்றால், அதாவது ஆதாரம் கவனிக்கப்படவில்லை, ஒரு தரப்பு கேட்கப்படவில்லை, சட்டம் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது என்றால், அதற்குரிய வழி மேன்முறையீடு.

கட்டளை அன்று சரியாக இருந்து, பின்னர் நிலைமை மாறிவிட்டதென்றால், அதே காதியிடம் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கோரலாம். ஐந்து வயதில் எழுதப்பட்ட தொகை பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் போதாது. 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்னர் எழுதப்பட்ட தொகைகளுக்கு இன்று சந்தையில் என்ன பெறுமதி என்பதை யாவரும் அறிவோம். இதற்கு முப்பது நாள் கணக்கு இல்லை. இந்த வழியை அறியாமல் பழைய தொகையோடு பல வருடங்கள் கஷ்டப்படும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள்.

கட்டளை சரி, தொகையும் சரி, பணம்தான் வருவதில்லை என்றால் தேவைப்படுவது அறவீடு. செலுத்தப்படாத தொகையை அறவிடுவதற்குக் காதி நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக நடவடிக்கை எடுக்கலாம். அங்கே அது தண்டப்பணம் அறவிடப்படுவது போல அறவிடப்படும்.

கணவனுக்கும் உள்ள உரிமை

இதைப் பெண்களுக்கு மட்டுமான உரிமையாகப் பார்ப்பதும் பிழை. முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவருக்கு அவருடைய வருமானத்துக்கு மேலான தொகை எழுதப்பட்டால், அவர் அதைக் கட்டாமல் ஒளித்துத் திரிவதால் நிலுவை கூடுமே தவிரக் குறையாது. அவரும் தன் வருமானக் கணக்கை முறையாகச் சமர்ப்பித்து, முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்வதே முறை.

ஆனால் மேன்முறையீட்டைக் காலம் கடத்தும் ஆயுதமாகப் பாவிப்பவர்களும் இருக்கிறார்கள். வழக்கு கொழும்பில் கிடக்கும் காலத்திலும் பிள்ளைக்குப் பசிக்கும். சட்ட நடைமுறை எப்படியிருந்தாலும், தன் பிள்ளைக்குச் செலவு செய்ய வேண்டிய மார்க்கக் கடமை எந்த மனுவினாலும் ஒத்திவைக்கப்படுவதில்லை. தொகையில் தகராறு உள்ளவர், தன்னால் இயலுமென்று தானே ஏற்றுக்கொள்ளும் தொகையையாவது மாதாமாதம் கொடுத்து, பற்றுச்சீட்டு எடுத்து வைக்கட்டும்.

தீர்ப்பை மீளப் பார்ப்பது மார்க்கத்துக்கு முரணானதா?

காதியின் தீர்ப்பு ஷரீஆவின் தீர்ப்பு, அதை எதிர்ப்பது மார்க்கத்தை எதிர்ப்பது என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. அல்குர்ஆனின் அன்பியா அத்தியாயத்தில், ஒருவரின் விளைநிலத்தை இன்னொரு கூட்டத்தாரின் ஆடுகள் மேய்ந்துவிட்ட வழக்கு பற்றிச் சொல்லப்படுகிறது. அதில் தாவூத் (அலை) அவர்களுக்கும் சுலைமான் (அலை) அவர்களுக்கும் அறிவும் தீர்ப்புத் திறனும் வழங்கப்பட்டதாகவும், அவ்வழக்கின் விளக்கம் சுலைமான் (அலை) அவர்களுக்கு அளிக்கப்பட்டதாகவும் வருகிறது. அதுவும் நட்டஈடு பற்றிய வழக்குத்தான். ஒரு நபியின் முன்னால் வந்த வழக்கிலேயே இன்னொருவருக்கு மேலான விளக்கம் கிடைத்திருக்கும்போது, இன்றைய காதி ஒருவரின் தொகை மீளப் பார்க்கப்படுவதில் என்ன குறை இருக்க முடியும்?

வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், அதைக் கேட்டுத் தீர்ப்பளிக்கப்பட்டாலும் மற்றவரின் உரிமை அவருக்கு ஆகுமாகிவிடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹான கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. பேசத் தெரிந்தவன் வெல்வதும், அழுதுகொண்டு நின்றவள் தோற்பதும் நடக்கக்கூடியதே என்பதை மார்க்கம் முன்பே கவனத்தில் எடுத்திருக்கிறது.

பிற நாடுகளில்

குடும்ப வழக்குகளின் பணக் கட்டளைகளை மேல்மன்றம் மீளப் பார்ப்பது உலகெங்கும் உள்ள ஏற்பாடாகும். இந்தியாவில் 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் மேன்முறையீட்டுக்கு 30 நாட்களைத் தருகிறது. இங்கிலாந்தில் வழமையான கால எல்லை 21 நாட்கள், அனுமதியும் பெற வேண்டும்.

ஷா பானு வழக்கைப் பலரும் அறிவர். அவ்வழக்கு கிளப்பிய மார்க்க, அரசியல் சர்ச்சைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தொகைகளை மட்டும் பாருங்கள். 1979 இல் இந்தூரில் நீதவான் அவருக்கு மாதம் 25 ரூபா எழுதினார். அவருடைய கணவரோ ஒரு சட்டத்தரணி. 1980 இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் மீளாய்வில் அதை 179 ரூபா 20 சதமாக உயர்த்தியது. கணவர் உச்ச நீதிமன்றம் போனார். 1985 இல் அது அவருடைய மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. முதல் கட்டளையே கடைசி என்று அந்த மூதாட்டி வீட்டுக்குப் போயிருந்தால், அந்த 25 ரூபாவே அவருக்குரிய நீதியாக இருந்திருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

நமது சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சு நீண்ட காலமாக நடக்கிறது. 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழுவின் அறிக்கை 2018 இல்தான் கையளிக்கப்பட்டது. அதிலும் உறுப்பினர்கள் இரு தரப்பாகப் பிரிந்து பரிந்துரை செய்தனர். 2021 இல் காதி நீதிமன்ற முறையையே நீக்குவது பற்றிய அறிவிப்பு வந்து பெரும் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. காதி முறை இருக்க வேண்டும் என்பவர்களும், மாற வேண்டும் என்பவர்களும் ஒரு விடயத்தில் உடன்படலாம். இருக்கும் சட்டம் ஏற்கனவே தந்துள்ள மேன்முறையீட்டு உரிமை எல்லோருக்கும் உண்மையில் கிடைக்க வேண்டும். அதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை.

காதி நீதிமன்றம் நடக்கும் இடத்தில், "இக்கட்டளைக்கு எதிராக 30 நாட்களுக்குள் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்" என்று தமிழில் ஓர் அறிவித்தல் ஒட்டலாம். ஒவ்வொரு கட்டளையின் அடியிலும் அதே வரியை எழுதலாம். காத்தான்குடி பள்ளிவாசல்கள், முஸ்லிம் நிறுவனங்களின் சம்மேளனம், ஜம்இய்யதுல் உலமா, பெண்கள் அமைப்புக்கள், ஊரின் சட்டத்தரணிகள் ஆகியோர் சேர்ந்து மாதத்தில் ஒரு நாள் மனு எழுதிக் கொடுக்கும் இலவச உதவியை ஏற்பாடு செய்யலாம். வசதி குறைந்தவர்கள் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். காதிகள் சபைக்குப் போகவேண்டிய பெண்ணுக்கு கொழும்புப் பயணச் செலவை ஸகாத், ஸதகா நிதிகளிலிருந்து கொடுப்பது பற்றியும் உலமாக்கள் வழிகாட்டலாம்.

பிள்ளையின் தாபரிப்பு தாய்க்குக் கொடுக்கும் தயவல்ல, அது பிள்ளையின் ஹக்கு. அந்த ஹக்கு குறைத்து எழுதப்பட்டிருந்தால் அதைத் திருத்தக் கேட்பது குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுப்பதாகாது. உங்கள் வீட்டிலோ அயலிலோ அண்மையில் ஒரு கட்டளை எழுதப்பட்டிருந்தால், அதன் திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள். முப்பது நாள் இன்னும் முடியாமல் இருக்கலாம்.